எந்தக் கையானால் என்ன?

ஹன்னா இடது கையால் சோற்றைப் பிசையத் தொடங்கியதும் சரோஜம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐயய்யோ, என்னா ருக்மணி இது? பீச்சாங்கையில சாப்புடறா!"

ருக்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கி முழுசாக ஒரு பகல்கூட ஆகவில்லை. காலையில் பெங்களூர் ஏர்போர்ட்டில் இறங்கி, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பால வேலையில் மாட்டி, பள்ளிக்கூட வேன் ஓசூர் வந்து சேரும்போதே மணி பதினொன்று.

மாணவர் பரிமாற்றம் என்று பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு. அங்கிருந்து வந்த எட்டுப் பேரும் எட்டு வீடுகளில் மூன்று வாரம் தங்குவார்கள். மே மாதம் இங்கிருந்து எட்டுப் பேர் அங்கே போவார்கள். ருக்மணியின் மகள் வினிதாவும் அதில் ஒருத்தி. பதினொன்றாம் வகுப்பு.

ஒரு வாரமாக ருக்மணி வீட்டையே தலைகீழாக்கியிருந்தாள். புது மெத்தை, ஸ்பூன், கேன் தண்ணீர். சாம்பாரில் மிளகாய்த்தூள் பாதிதான். புருஷன் சென்னகிருஷ்ணனுக்கு சிப்காட்டில் லீவு கிடைக்கவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவனுடைய அக்கா சரோஜம்மாள் மட்டும் சிங்காரப்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள்.

ஸ்பூனை ஹன்னா தொடவே இல்லை. "நீங்க சாப்பிடற மாதிரியே நானும் சாப்பிடறேன்" என்று வினிதாவிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, ஆசை ஆசையாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தாள். அந்தக் கைதான் இடது கையாகப் போயிற்று.

"சின்னப் புள்ள, விடுங்க அண்ணி."

"பதினாறு வயசு சின்னப் புள்ளயா? பெத்தவ ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியா? பாக்கவே கொமட்டுது."

பாஷை புரியாவிட்டாலும் முகம் புரிந்தது ஹன்னாவுக்கு. பிசைந்த கை அப்படியே நின்றது. சட்டென்று அதை மடிக்கு இறக்கிக்கொண்டு, வலது கையால் ஒரு வாய் அள்ளப் பார்த்தாள். விரலிடுக்கு வழியாகச் சாம்பார் மணிக்கட்டுக்கு ஓடியது. காது வரைக்கும் சிவந்துபோனாள்.

"சாரி... சாரி..."

ருக்மணிக்கு மனசு கேட்கவில்லை. எங்கிருந்தோ வந்த பிள்ளை. முதல் நாள், முதல் சாப்பாடு.

"அண்ணி, அது பொறப்புலயே வந்த பழக்கம். நமக்கு வலது கை எப்படியோ, அந்தப் புள்ளைக்கு அது. மாத்திக்கோன்னா எப்படி மாத்தும்? பாவம்."

சரோஜம்மாள் வாயைத் திறந்தாள். ருக்மணி விடவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்தவ. ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

பதினெட்டு வருஷத்தில் நாத்தனாரிடம் அவள் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் அவளுக்கே பெருமையாக இருந்தது.

"வினிதா, அவகிட்ட சொல்லு. எந்தக் கையில சாப்புட்டாலும் வயித்துக்குத்தான் போவுது, கூச்சப்படாம சாப்புடுன்னு சொல்லு."

வினிதா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடி!"

சொன்னாள். ஹன்னாவின் முகம் மலர்ந்தது. "தேங்க் யூ, ஆன்ட்டி" என்று ருக்மணியைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வினிதாவிடம் ஏதோ கேட்டாள். வினிதா பதில் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"என்னடி கேக்கறா?"

"இந்த வீட்ல வேற யாருக்காச்சும் இடது கைப் பழக்கம் இருக்குதான்னு கேட்டா."

"இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒருத்திக்கு இருந்துச்சு, ஒண்ணாங்கிளாஸ் வரைக்கும்னு சொன்னேன்மா."

ருக்மணியின் கையில் வடைத்தட்டு அப்படியே நின்றது.

ஒண்ணாங்கிளாஸ். 'பொட்டப் புள்ள, நாளைக்குப் போற எடத்துல என்னையில்ல சொல்லுவாங்க' என்று, பள்ளிக்கூட ரிப்பனால் வினிதாவின் இடது கையை நாற்காலியோடு கட்டிவிட்டுத் தட்டை முன்னால் வைத்த நாட்கள். பென்சிலை அந்தக் கையில் பிடித்தபோதெல்லாம் புறங்கையில் விழுந்த ஸ்கேல் அடி. குழந்தை அழுதுகொண்டே சாப்பிடும். ஒரே வருஷத்தில் பழக்கம் மாறிவிட்டது. "கெட்டிக்காரி, சரி பண்ணிட்டியே" என்று சரோஜம்மாள்கூட மெச்சினாள்.

அதற்கப்புறம் ருக்மணி அதை நினைத்ததே இல்லை. மகளுக்கும் நினைவிருக்காது என்றுதான் இருந்தாள்.

சரோஜம்மாள் தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கினாள்.

ருக்மணி தட்டைக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீயும்... உனக்கு எது சுளுவோ அந்தக் கையிலயே சாப்புடு கண்ணு. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

வினிதா கோபப்படவில்லை. எழுந்து போய் இடது கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு வாய் சோறு எடுத்து உதடு வரை கொண்டுபோனாள். பாதி சுடிதாரில் சிந்தியது. இன்னொரு வாய் எடுத்தாள். அதுவும் சிந்தியது.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மறந்துபோச்சும்மா" என்றாள்.