மடி நேரம்

அந்த நூலகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பேசும் புத்தகம் உண்டு. அது அந்தப் பிள்ளையின் அம்மா குரலிலேயே கதை படிக்கும்; பிள்ளை அழுதால் தேற்றவும் செய்யும். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு அம்மா நிம்மதியாக வேலைக்குப் போகலாம். அந்த ஏற்பாட்டைச் செய்த நூலகர் செண்பகவல்லிதான் இப்போது 'மடி நேரம்' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தாள். சனிக்கிழமை காலையில் அம்மாவே பிள்ளையை மடியில் வைத்துப் படிக்க வேண்டும்.

வந்தவள் ரெஜினா ஒருத்திதான். மூன்று வயது ஜோவினை மடியில் இருத்தி, பேசாத புத்தகம் ஒன்றைத் திறந்து, "ஒரு ஊர்ல ஒரு யானை இருந்துச்சாம்" என்றாள். பிள்ளை அவள் வாயைப் பொத்தினான்.

"நீ பேசாத. அம்மா படிக்கும்."

"நாந்தாம்ல ஒன் அம்மா!"

அவன் இறங்கி ஓடினான். தடுக்கி விழுந்ததில் நெற்றி புடைத்துவிட்டது. "அம்மா!" என்று அலறிக்கொண்டே போய்த் தன் பேசும் புத்தகத்தைக் கட்டிக்கொண்டான்.

"போகப் போகச் சரியாயிரும் ரெஜினா," என்றாள் செண்பகவல்லி. சொன்ன அவளுக்கே நம்பிக்கை இல்லை.

"இருக்கட்டும்க்கா."

ரெஜினா அந்தப் புத்தகத்தை மெல்ல வாங்கித் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். பிள்ளை தாவி வந்து அதைக் கட்டிக்கொண்டான். பாவம், அவள் வாயே திறக்கவில்லை. "வலிக்குதா தங்கம்?" என்று அவள் குரலில் புத்தகம்தான் கேட்டது.