இரண்டாவது கன்ட்ரோலர்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மர்பி டவுன் வீட்டுக்கு வந்ததும் லாயிட் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். முந்தின நாள்தான் பழைய விண்டோஸைச் சுத்தமாக அழித்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தான். அதில் கேம் ஓடுமா என்று ஒரே கவலை. நல்லவேளை, ஓடியது.

திரையின் மூலையில் கன்ட்ரோலரின் பேட்டரி அளவு தெரிந்தது. அவன் கையிலிருந்ததில் முழு சார்ஜ். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. கிளைவ், ஆறு சதவீதம்.

கிளைவ் அவன் தம்பி. தவக்காலத்தில் செத்துப்போனான். தன் கன்ட்ரோலருக்குத் தன் பேரையே வைத்திருந்தான். அந்தப் பேர் இருந்தது அழித்துவிட்ட விண்டோஸில். கன்ட்ரோலர் இருப்பது கல்லறையில். சவப்பெட்டியை மூடுமுன் ஜெபமாலையோடு சேர்த்து அவன் கையில் வைத்ததே லாயிட்தான்.

கிளைவ் படுத்த கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஆஞ்சலாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"நீங்கதானே பெட்டிக்குள்ள வெச்சீங்க?" என்றாள், உட்கார்ந்தபடியே.

"ஆமா. ஏதோ கோளாறு. சார்ஜ் தீந்தா தானா போயிடும்."

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான்கானது. இரண்டானது. ஆஞ்சலா சிலுவை போட்டுக்கொண்டாள். ஒன்று வந்ததும் லாயிட் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மின்னல் குறி வந்தது. சார்ஜ் ஏறுகிறது.

"வயரையும் சேத்தா வெச்சீங்க?"

"இல்லம்மா, அது இங்கதான் இருக்கு" என்று திரும்பினான். சிபியுவில் செருகியபடி எப்போதும் தரையில் சுருண்டு கிடக்கும் அந்த வயர், ஆஞ்சலா உட்கார்ந்திருந்த கட்டிலுக்கடியில் போய், விறைப்பாக இழுபட்டு நின்றது.