பூச்சி மருந்து

ஆடுகளுக்கு மூப்பு வராமல் தடுக்கும் குடற்புழுவைக் கண்டுபிடித்தவள் ரெஜினாதான். அவளை நம்பி அதை முதலில் விழுங்கிய மனிதர், அவள் கணவர் இருதயராஜ். எழுபத்தெட்டு வயதிலும் அவருக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. ரெஜினாவின் உடம்பில் மட்டும் புழு தங்கவே இல்லை. அவளுக்குப் பல்செட் வந்துவிட்டது.

"போதும்மா, உன்கூடவே நானும் கிழவனாயிடுறேன்" என்று நேற்று அவரே சொன்னதால், காலையில் வெறும் வயிற்றுக்கு, புழுவைக் கொல்லும் பூச்சி மருந்தைக் கலக்கி நீட்டினாள். அவர் டம்ளரை வாங்கி, அப்படியே வாஷ்பேசினில் கொட்டினார்.

"வேணாம் ரெஜினா. நாங்க நல்லா யோசிச்சுட்டோம்."

"நாங்களா? நாமன்னுதானே சொல்ல வந்தீங்க?"

இருதயராஜ் தன் வயிற்றை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"இல்ல ரெஜினா, நாங்கதான்."