கயிற்றின் மறுமுனை

உப்பங்கழியின் அடியில் ஊர் கொட்டிய குப்பையைப் படமெடுக்க பிரசில்லா மூழ்கியிருந்தாள். அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை படகுக்காரர் தேசிங்கின் கையில் இருந்தது. ஒருமுறை சுண்டினால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று பொருள். விடாமல் இழுத்தால் தூக்க வேண்டும். கயிறு அவ்வப்போது சுண்டியது. அவரும் பதிலுக்குச் சுண்டிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து அவள் படகில் ஏறினாள்.

“சேத்துல நிக்கிற ஒரு பழைய ஃப்ரிட்ஜ்ல கயிறு மாட்டிக்கிச்சுண்ணே. அப்பவே அறுத்துட்டேன்.”

தேசிங்கு கையைப் பார்த்தார். கயிறு மறுபடி சுண்டியது.

“அப்ப இவ்ளோ நேரம் யாருக்கும்மா பதில் சொல்லினு இருந்தேன்?”

கழியில் ஓர் அலைகூட இல்லை. கயிறு இப்போது விடாமல் இழுத்தது.

“விட்டுருங்கண்ணே,” என்றாள், கேமராவை மார்போடு அணைத்தபடி.

“தூக்கச் சொன்னா தூக்கணும்மா,” என்று அவர் படகின் விளிம்பில் காலை ஊன்றினார்.