சுதந்திரம் குடுத்த அப்பா

ஒரு கிழமையா ஒவ்வொரு நாள் பின்னேரமும் நான் கனகரத்தினம் அண்ணையின்ரை வாழைத்தோட்டத்துக்குள்ளை ஒளிச்சு நிக்கிறன். வயது நாற்பத்திமூண்டு. அரசாங்க உத்தியோகம். வயிறும் வைச்சிட்டுது. ஒரு வாழை மறைக்காது, ரெண்டு வேணும்.

குலை களவெடுக்க இல்லை. பக்கத்து வாசிகசாலை வளவிலை என்ரை மகள் ஆரபி விளையாடுறாள். அவளைப் பாக்கத்தான்.

இதிலை வெக்கக்கேடு என்னெண்டால், பிள்ளையளைத் தனிய விளையாட விடவேணும் எண்டு ஊருக்கே சொன்னவன் நான். போன மாதம் பள்ளிக்கூடத்திலை பெற்றார் கூட்டம். பிள்ளையளைக் கோழிக்குஞ்சு மாதிரிச் செட்டைக்குள்ளை வைச்சிருக்காதேங்கோ, நாலு பேரோடை சேந்து விழுந்து எழும்பட்டும் எண்டு மைக்கைப் பிடிச்சுப் பத்து நிமிசம் முழங்கினன். சனம் கைதட்டினது.

கூட்டம் முடிய ஆரபியின்ரை ரீச்சர் என்னைத் தனியக் கூப்பிட்டா. உங்கடை மகள் இடைவேளையிலையும் ஒருத்தரோடையும் கதைக்கிறாள் இல்லை, ஒரு மூலையிலை இருக்கிறாள் எண்டு சொன்னா.

ஆரபிக்குப் பத்து வயது. ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் நான்தான் ஏத்திக்கொண்டு போறன். கடையிலை அவளுக்கு என்ன ஐஸ்கிறீம் விருப்பம் எண்டு கேட்டாலும் நான்தான் மறுமொழி சொல்லுறன். பிறகு பிள்ளைக்கு எங்கையிருந்து வாய் வரும்?

என்ரை மனிசி சுகந்தினி முடிவெடுத்தா. இந்த லீவுக்குப் பின்னேரத்திலை பிள்ளை வாசிகசாலை வளவுக்குத் தனிய நடந்து போகும், ஆறு மணிக்குத் தனிய நடந்து வரும். எனக்கும் ஒரு சட்டம் போட்டா.

"இஞ்சாருங்கோ, நீங்கள் பின்னாலை போகக் கூடாது. அப்பா காவலுக்கு நிக்கிறார் எண்டு கண்டால் மற்றப் பிள்ளையள் பகிடி பண்ணுவினம். பிறகு இவள் படலையைத் தாண்டாள்."

"எனக்கென்ன விசரே?" எண்டன்.

விசர்தான். முதல் நாள் அவள் படலையைத் தாண்டி ரெண்டு நிமிசத்திலை நான் பின் வேலியாலை பூந்து தோட்டத்துக்குள்ளை நிண்டன். நாய் துரத்தினால்? கிணத்தை எட்டிப் பாத்தால்? ஒருத்தரும் விளையாட்டிலை சேர்க்காமல் விட்டால்? கடைசிப் பயம்தான் பெரிசு.

கொஞ்ச நேரம் மதிலோடை நிண்டாள். பிறகு என்ன நடந்துதோ, அவளையும் சேத்துக் கொண்டினம். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. அத்தோடை வீட்டை போயிருக்கலாம். போகேல்லை.

அவையள் விளையாடினது ஒளிச்சுப் பிடிச்சு. அதுதான் எனக்கு ஆபத்து. நாலாம் நாள் நிவேதனா எண்ட பிள்ளை தேடிக்கொண்டு நேர என்ரை வாழைக்கு முன்னாலை வந்து நிண்டிது. நான் மூச்சைப் பிடிச்சுக் கண்ணை இறுக்கி மூடினன். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டிடும் எண்ட நினைப்பு. திறந்து பாக்கப் பிள்ளை போயிட்டுது. பச்சைச் சாரம் கட்டினது நல்லதாப் போச்சு எண்டு என்ரை மூளையை நானே மெச்சிக்கொண்டன்.

அடுத்த நாள் கனகரத்தினம் அண்ணை கத்தியோடை வந்திட்டார். வாழைக்குலைக் கள்ளன் எண்டு நினைச்சவராம். நான் மெல்லமா விசயத்தைச் சொன்னன். மனிசன் வளவுப் பக்கம் எட்டிப் பாத்திட்டு என்னை மேலும் கீழும் பாத்தார்.

"பெற்றார் கூட்டத்திலை பேசினது நீர்தானே?"

"ஓம் அண்ணை."

"நல்லாத்தான் பேசினனீர். சரி, நிக்கிறது நில்லும். குலைக்கு முண்டு குடுத்த தடியிலை மட்டும் சாயாதேயும்."

நேற்றுத்தான் வினை வந்தது. வட்டுக்கோட்டையிலையிருந்து மாமி வீட்டை வந்த லோஜன் எண்ட பெடியன் புதுசாச் சேந்திருந்தான். அவன்தான் தேடுற முறை. எடுத்த எடுப்பிலை தோட்டத்துக்குள்ளை ஓடி வந்து என்ரை சாரத்தை எட்டிப் பிடிச்சிட்டான். இஞ்சை ஒரு பெரிய ஆள் ஒளிச்சு நிக்குது எண்டு ஊர் கேக்கக் கத்தினான்.

எல்லாப் பிள்ளையளும் ஓடி வந்தினம். ஆரபியும் வந்தாள்.

வாழையிலை வெட்ட வந்தனான் எண்டு சொன்னன். கையிலை கத்தியும் இல்லை.

ஒரு கிழமையா அந்தப் பிள்ளை பாடுபட்டுச் சேத்த சிநேகிதத்தை நான் ஒரு நிமிசத்திலை கெடுத்துப் போட்டன். இனிப் பகிடி பண்ணுவினம். இவள் திரும்பவும் மூலைக்குள்ளை போய் இருப்பாள். மைக்கிலை முழங்கின வாயை அந்த இடத்திலையே தைச்சுவிடலாம் போலை இருந்தது.

ஆனால் ஒருத்தரும் சிரிக்கேல்லை. ஆரபி முன்னுக்கு வந்து, லோஜன்ரை கையை என்ரை சாரத்திலையிருந்து எடுத்து விட்டாள்.

"அவரைப் பிடிக்கேலாது. எங்கடை அப்பாவுக்கு என்னை விட்டிட்டுத் தனிய இருக்கப் பயம். அதுதான் முதல் நாளே நான் எல்லாரிட்டையும் கேட்டு அவரையும் சேத்தனான். கண்டாலும் காணாத மாதிரிப் போகவேணும். அவர் ஒப்புக்குச் சப்பாணி."