பீட்சா அடுப்பின் கூரை

புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு திரும்பி வந்ததிலிருந்து என் மகள் ஆதிரை பேசவும் இல்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. காலேஜ் நாட்களில் அவளுக்குப் பீட்சா என்றால் உயிர். தகப்பனுக்கு வேறு என்ன தெரியும்? கொல்லையில் செங்கல் அடுப்பு கட்ட ஆரம்பித்தேன். உள்ளே ஈரமணலைக் குவித்து அதன்மேல்தான் கூரையை அடுக்க வேண்டும் என்று வீடியோவில் ஒருவன் சொன்னான். பாலமே கட்டிய எனக்கு மணல் எதற்கு? நாலு குச்சியை முட்டுக்கொடுத்தேன். கடைசிக் கல்லை வைத்ததும் குச்சிகள் முறிந்து கூரை இறங்கத் தொடங்கியது. அடுப்பின் வாய்க்குள் பாய்ந்து, தலையாலும் இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே மட்டும் வெளியே கிடந்தேன், முதலை பாதி விழுங்கிய ஆளைப் போல. “கோமதி!” என்று மனைவியைக் கூப்பிட்டு அலறினேன். வந்தது அவள் இல்லை.

“அப்பா, உள்ள என்ன பண்றீங்க?”

“வெந்துக்கிட்டிருக்கேன்மா.”

ஆதிரை சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. “விட்டுடுங்கப்பா. விழுந்தா விழட்டும்.”

“செத்தாலும் விடமாட்டேன்.”

என் காலருகே உட்கார்ந்து, அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். என் முகம் தெரியாதது வசதியாக இருந்திருக்கும். கைகள் மரத்துப்போயின. கழுத்து இருக்கிறதா என்றே தெரியவில்லை. பொழுது சாயும்போது கோமதி வந்து செங்கல்லைத் தட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, கலவை எப்பவோ இறுகிடுச்சு. கையை எடுத்துட்டு வெளிய வாங்க.”

ஆதிரை சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

“இன்னும் காயல கோமதி, நீ உள்ள போ” என்றேன். “நீ சொல்லும்மா. அப்புறம்?”