நைட்டியும் துண்டும்

பீரோ திறக்க மறுத்துவிட்டது.

“மஞ்சள் சேலைக்குச் சிவப்பு ரவிக்கை எடுபடாது. வேறு சொல்லுங்கள், திறக்கிறேன்” என்றது.

கோமளவல்லியும் விடவில்லை. ஆனால் பள்ளி மைதானத்தில் மகள் யாழினி ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். போன வருடம் இந்தப் பீரோவோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் பந்தயமே முடிந்துவிட்டது. கூட்டத்தில் அம்மாவைத் தேடிக்கொண்டே ஓடிய பிள்ளை கடைசியாக வந்தாள்.

கோமளவல்லி பீரோவுக்கு ஓர் உதை விட்டாள். போட்டிருந்த பூப்போட்ட நைட்டியின் மேல் கொடியில் கிடந்த துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

எதிர்வீட்டு பிரமிளா, கம்மல் வரைக்கும் பீரோ சொன்னபடி அணிகிறவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“என்னக்கா, பால் வாங்கவா?”

“எம் பொண்ணு ஓடுறதப் பாக்கப் போறேன்டி. வழிய விடு.”

மைதானத்தில் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றித் தொண்டை கட்டும்வரை கத்தினாள். யாழினி சிரித்துக்கொண்டே ஓடி மூன்றாவதாக வந்தாள். வந்தவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அந்தத் துண்டிலேயே வேர்வையைத் துடைத்தாள். இருவரும் சிரித்த படம் ஊரெல்லாம் சுற்றியது.

ஊரில் எவள் மிக மகிழ்ச்சியாகத் தெரிகிறாளோ, அவள் உடுப்பைத்தான் மறுநாள் எல்லாப் பீரோவும் பரிந்துரைக்கும்.

மறுநாள் காலையில் பிரமிளா வாசலில் வந்து நின்றாள். நைட்டி, தோளில் துண்டு.

“ஆபீஸுக்கு இப்படித்தான் போகணுமாம். வேற எதுக்கும் தொறக்க மாட்டேங்குதுக்கா. துண்டு எந்தத் தோள்ல?”

“எதுலயாச்சும் போடு. சும்மா போட்டா போதாது, சுத்தணும்.”

பிரமிளா தெருவை இருபக்கமும் பார்த்துவிட்டு, துண்டை எடுத்து மெதுவாக ஒரு சுழற்று சுழற்றினாள். பிறகு வேகமாக.